தந்தையின் குற்றம் மகனைச் சேருமா? – டாக்டர் திவான் சிங்கின் வாழ்க்கை

முன்னோர் செய்த குற்றம் பின்வரும் தலைமுறையைப் பற்றுமா? சாஸ்திர விசாரமாக நாம் எண்ணும் இந்தக் கேள்வி, அந்தமான் தீவுகளில் பிறந்த பல குழந்தைகளுக்கு அன்றாட வாழ்க்கையாகவே இருந்தது.

1857-ஆம் ஆண்டுப் பேரெழுச்சியை அடக்கிய ஆங்கில அரசு, 1858 மார்ச்சில் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை நிறுவியது. (2024 முதல் அவ்வூரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) நன்னடத்தை காட்டிய கைதிகள் சில ஆண்டுகளுக்குப் பின் நிலம் பெற்று, அங்கேயே தண்டனை அனுபவித்த பெண்களை மணந்து வாழ அனுமதிக்கப்பட்டனர். அவர்களின் பிள்ளைகள் ‘லோக்கல் பார்ன்’ எனப்பட்டனர். எக்குற்றமும் செய்யாத அவர்களையும் உலகம் கைதியின் வாரிசுகளாகவே கண்டது.

1926-இல் ஐக்கிய மாகாணத்திலிருந்து பாந்து இனத்தார் அங்கே குடியேற்றப்பட்டனர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி பிறப்பினாலேயே அவர்கள் குற்றவாளிகள்! 1871-இல் தோன்றிய இச்சட்டத்தின் 1911-ஆம் ஆண்டு வடிவமே, ரேகைச் சட்டம் என்ற பெயரில் மதுரைப் பகுதியின் பிரமலைக் கள்ளர்களையும் வாட்டியது.

இத்தகைய தீவுக்கு 1927-இல் ராணுவ மருத்துவராக வந்து சேர்ந்தார் டாக்டர் திவான் சிங். 1897-இல் பஞ்சாபின் சியால்கோட் மாவட்டத்தில் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தை ஆதரித்ததால் அரசின் சினத்துக்கு ஆளானவர்.

கைதிகளின் நோயை மட்டும் அவர் காணவில்லை. அவர்களின் பிள்ளைகள் சுமந்த அவமானத்தையும் கண்டார். அனைவரும் கூடி வழிபட ஒரு குருத்வாரா அமையப் பாடுபட்டார். அங்கேயே பள்ளியும் தொடங்கிக் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டினார். கவிஞரான அவர், மக்கள் அச்சத்தோடு உச்சரித்த ‘காலேபாணி’ என்ற சொல்லையே தம் புனைபெயராக ஏற்றார். ‘வக்தே பாணி’, அதாவது ஓடும் நீர், என்ற அவரது கவிதை நூல் 1938-இல் வெளிவந்தது.

கர்மக் கொள்கையைச் சரியாக உணர்ந்தோருக்கு அவரது செயலின் நியாயம் எளிதில் விளங்கும். வினையின் பயன் செய்தவனையே சேரும். உடல் பெற்றோரிடமிருந்து வருகிறது. முகச்சாயலும் சில நோய்களும்கூட வரலாம். ஆனால் வினை உயிரைத் தொடர்வது. குருதியின் வழியே வருவதன்று. ஆன்மாவோ என்றும் களங்கமற்றது. இந்தக் கொள்கையைத் திரித்து, துன்புறுவோரை அவர்களது தலைவிதி என்று ஒதுக்கினால், அந்த ஒதுக்குதலே நம் கணக்கில் புதிய வினையாகச் சேரும்.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை தீவுகளைக் கைப்பற்றியது. தங்கள் வீரர்களின் கேளிக்கைக்காகக் குருத்வாராவை ஒப்படைக்குமாறு அவர்கள் கேட்டபோது டாக்டர் மறுத்தார். 1943 அக்டோபரில், ஒற்றர் என்ற பொய்ப்பழி சுமத்திச் செல்லுலர் சிறையில் அடைத்தனர். சுமார் 80 நாட்கள் கொடிய சித்திரவதை தொடர்ந்தது. 1944 ஜனவரி 14-இல் அச்சிறையிலேயே அவர் உயிர் நீத்தார். செய்யாத குற்றத்தைச் சுமந்த பிள்ளைகளுக்காக உழைத்தவர், செய்யாத குற்றத்துக்காகவே மாண்டார்.

கைதிகள் குடியிருப்பு 1945-இல் முடிவுக்கு வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் நீக்கப்பட்டது. கைதிகளின் வழித்தோன்றல்கள் இன்று அத்தீவுகளின் மதிப்புமிக்க குடிமக்கள். டாக்டர் திவான் சிங்கின் பெயரால் குருத்வாராவும் அங்கே விளங்குகிறது.

முன்னோரின் குற்றம் நம்மைச் சேராது. ஆனால் அதனால் விளைந்த துயரம் எங்கேனும் எஞ்சியிருந்தால், அதைத் துடைக்கும் கடமை நம்மைச் சேரும். அக்குழந்தைகளுக்கு எந்தத் தீங்கும் இழைக்காத திவான் சிங், அக்கடமையைத் தமதாக ஏற்றார். தீங்கிழைத்தவர் யார் என்று கணக்குப் பார்த்துக் காத்திராமல், அருகில் இருப்பவரின் சுமையை இறக்கி வைப்பதே உண்மையான சேவை.