கொளுத்தும் வெயிலில் கருகாத பாசி... அதற்குப் பேர் தேடிப்போன எம்.ஓ.பி. ஐயங்கார்! யார் இவர்?

தூத்துக்குடி முயல் தீவுப் பக்கம் கடல் வற்றும் நேரத்தில் போயிருக்கீங்களா? பாறையில் ஒட்டியிருக்கும் கடற்பாசிகள் மேல் உச்சி வெயில் நேராக விழும். நாம் நிழல் தேடி ஓடிடுவோம். பாசியால் நகர முடியாது. அப்புறம் எப்படிப் பிழைக்குது?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதற்குப் பல வருஷம் முன்பே, இந்தப் பாசிகள் யார் யார் என்று கணக்கெடுக்கத் தொடங்கியவர் எம்.ஓ.பி. ஐயங்கார்.

1886-ல் சென்னையில் பிறந்தவர். முழுப்பெயர் மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார். அருங்காட்சியகத்திலும் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிலும் வேலை பார்த்துவிட்டு, மாநிலக் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். குளம், குட்டை, ஈர மண், கடல் என எங்கே பச்சை தெரிந்தாலும் அவருக்கு அது ஆய்வுக்கூடம்தான்.

முத்துக்குளிப்புக்குப் பேர்போன மன்னார் வளைகுடாவும் அவரை விடவில்லை. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை நீளும் தீவுகளில் ஒன்று, பாம்பன் அருகே உள்ள குருசடை. அதன் தாவரங்கள் பற்றி 1927-ல் எழுதினார்.

நாற்பது வயதைத் தாண்டி லண்டன் போய், பாசியியல் மேதை ஃபிரிட்ச்சிடம் ஆய்வு செய்து 1930-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1932-ல் ஈர மண்ணில் வளரும் புதிய பாசி ஒன்றை விவரித்து, 'ஃபிரிட்ச்சியெல்லா' என்று குருவின் பேரையே வைத்தார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். டி.வி. தேசிகாச்சாரி போன்ற மாணவர்களையும் உருவாக்கினார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரைச் சொல்வது சும்மா இல்லை.

சரி, வெயில் விஷயத்துக்கு வருவோம். தேவைக்கு மேல் ஒளி விழுந்தால், ஒளிச்சேர்க்கையில் செலவாகாத ஆற்றல் செல்லையே சிதைக்கும். அப்போது பச்சைப் பாசியிலும் பழுப்புப் பாசியிலும் வயலாஸாந்தின் என்ற மஞ்சள் நிறமி, ஸியாஸாந்தினாக மாறும். மிச்ச ஆற்றல் வெப்பமாக வெளியேறிடும். குக்கர் விசில் விட்டு ஆவியை வெளியேத்துற மாதிரி! வெயில் தணிந்ததும் நிறமி பழையபடி திரும்பும். செடிகளிலும் இதே ஏற்பாடுதான். சிவப்புப் பாசிகளுக்குப் பொதுவாக வேறு வழிகள். அதனால்தான் எந்தப் பாசி எங்கே வாழுது என்ற பட்டியல் முக்கியம்.

இந்த நிறமி மாற்றத்தை சோவியத் விஞ்ஞானிகள் 1957-ல் கண்டார்கள். அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்று புரிந்தது 1980-களில். ஐயங்கார் 1963-லேயே மறைந்துவிட்டார்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்? பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகளுக்கும் இதுபோன்ற பாதுகாப்பு உண்டு. ஆனால் கடல் சூடானால் அது திணறும். வழக்கமான வெயிலே அதிகமாகிவிடும். பவளம் பாசியை இழந்து வெளுக்கும். 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவில் நடந்தது இதுதான். மீன்வளமே இந்தப் பவளத்திட்டுகளை நம்பித்தான் இருக்கு.

அங்கே என்ன அழியுதுன்னு சொல்லணும்னா, முதலில் என்ன இருந்ததுன்னு யாராவது எழுதி வைத்திருக்கணும். ஐயங்கார் தொடங்கி வைத்தது அந்த வேலையைத்தான்.