மேடேறிய படகுகள்

ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பானியப் பேரரசரின் இருப்பிடமாக விளங்கியது கியோட்டோ நகரம். 1869ஆம் ஆண்டில் பேரரசர் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தார். அரசவையினரும் அலுவலர்களும் உடன் சென்றனர். அவர்களை நம்பி வாழ்ந்த வணிகரும் கைவினைஞரும் பின்தொடர்ந்தனர். சில ஆண்டுகளில் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற அந்நகரம் பழம்பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க முடியாத நிலைக்கு வந்தது.

1881இல் கியோட்டோ மாவட்ட ஆளுநராகப் பொறுப்பேற்ற கிதகாகி குனிமிச்சி, இதற்கு ஒரு வழியைத் தேடினார். நகரின் கிழக்கே மலைத்தொடருக்கு அப்பால் ஜப்பானின் மிகப்பெரிய ஏரியான பிவா இருக்கிறது. ஏரியைக் கடந்து ஓட்சு துறைக்கு வந்த நெல்லும் பிற சரக்கும், அங்கிருந்து மாட்டுவண்டிகளிலும் மனிதர் முதுகிலும் கணவாய் ஏறியே கியோட்டோவை அடைந்தன. மலையைக் குடைந்து ஏரிநீரைக் கொண்டுவந்தால் படகு செல்லும், வயல் விளையும், நீர்ச்சக்கரங்கள் சுழன்று ஆலைகள் இயங்கும் என்று அவர் கணக்கிட்டார். அந்த எண்ணம் பல நூற்றாண்டுப் பழைமையுடையது. அதை நிறைவேற்றும் கைதான் கிடைக்காமலிருந்தது.

அக்கை ஒரு மாணவருடையது. 1861இல் பிறந்த தனபே சகுரோ, கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தவர். தந்தையின் உடன்பிறந்தாரான தனபே தாயிச்சி அவரை வளர்த்தார். டோக்கியோவின் பொறியியல் கல்லூரியில் பிரித்தானிய ஆசிரியர்களிடம் ஆங்கிலத்தில் பாடம் கற்ற தனபே, பட்டத்திற்குரிய ஆய்வேட்டுக்கு பிவா ஏரிக் கால்வாயையே பொருளாகக் கொண்டார். மலைகளை நடந்தே அளந்தார். அக்காலத்தில் வலக்கை விரலில் பட்ட காயம் ஆறவில்லை. ஆய்வேட்டையும் வரைபடங்களையும் இடக்கையாலேயே முடித்தார். 1883இல் கல்லூரியை விட்டு வெளிவந்த அவரைக் கிதகாகி கியோட்டோவுக்கு அழைத்துக்கொண்டார். அப்போது தனபேயின் வயது 21.

இன்றைய கல்லூரி மாணவரை ஒத்த வயதினரிடம் ஒரு நகரத்தின் எதிர்காலத்தை ஒப்படைத்தது துணிச்சலான செயல்தான். பெரும் பொறியியல் பணிகளுக்கு வெளிநாட்டு வல்லுநர்களை நாடுவதே அன்றைய ஜப்பானில் வழக்கம். செலவோ ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் யென். அதில் ஒரு பகுதி நகரமக்கள் மீது விதித்த சிறப்பு வரியாக வந்தது. ஏற்கெனவே நலிந்திருந்த மக்கள் அவ்வரியை முணுமுணுப்பின்றிக் கொடுத்துவிடவில்லை.

1885இல் பணி தொடங்கியது. வழியில் அமைந்த சுரங்கங்களுள் முதலாவது 2,436 மீட்டர் நீளமுடையது. அதுவரை ஜப்பான் அவ்வளவு நீண்ட சுரங்கத்தைக் கண்டதில்லை. இரு முனைகளிலிருந்து மட்டும் குடைந்தால் காலம் நீளும் என்பதால், தனபே மலையின் மேலிருந்து 47 மீட்டர் ஆழத்திற்குக் கிணறுபோன்ற செங்குத்துக் குழியை இறக்கினார். அதன் அடியிலிருந்து இரு பக்கமும் குடைந்தனர். இவ்வாறு ஒரே நேரத்தில் நான்கு முகங்களில் வேலை நடந்தது. அளவையில் சிறு பிழை நேர்ந்தாலும் முகங்கள் ஒன்றையொன்று சந்திக்காமல் விலகிப்போயிருக்கும். எண்ணெய் விளக்கின் ஒளியில் கடப்பாரையும் வெடிமருந்துமே கருவிகள். குழியில் ஊற்று பீறிட்டு வேலையைப் பலமுறை நிறுத்தியது. பணி முடிவதற்குள் 17 பேர் உயிரிழந்தனர்.

சுரங்கங்களைக் கடந்த கால்வாய் நகரின் விளிம்பிலுள்ள கெயாகே என்னுமிடத்தில் ஒரு மேட்டின் உச்சிக்கு வந்து நின்றது. கீழேயுள்ள கால்வாய்க்கும் அதற்கும் ஏறத்தாழ 36 மீட்டர் உயர வேறுபாடு. பொதுவாக இத்தகைய இடங்களில் இரு கதவுகளுக்கிடையே நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றியிறக்கும் அடைப்புத் தொட்டிகளைக் கட்டுவர். 36 மீட்டருக்கு அவற்றைப் படிக்கட்டுப்போல் வரிசையாகக் கட்டவேண்டியிருக்கும். ஒவ்வொரு படகுக்கும் நீர் மிகுதியாகச் செலவாகும், நேரமும் வீணாகும்.

தனபே சாய்தளத்தைத் தேர்ந்தார். சரிவில் 582 மீட்டர் நீளத்திற்கு இரு இருப்புப்பாதைகள் இணையாக அமைந்தன. சக்கரங்கள் பொருத்திய தாங்குவண்டி மேற்குளத்து நீருக்குள் மூழ்கி நிற்கும். படகு மிதந்து அதன்மேல் வந்து சேரும். கம்பிவடம் இழுக்க, வண்டி படகைச் சுமந்தபடி நீரைவிட்டு வெளியேறித் தரைமேல் சரிந்திறங்கும். கீழ்க்குளத்தில் வண்டி மூழ்கியதும் படகு மீண்டும் மிதந்து தன்வழியே போகும். அதே வேளையில் மற்றொரு பாதையில் இன்னொரு படகு மேலேறும். இறங்குவதன் எடை ஏறுவதற்குத் துணையாகும். மூட்டை ஒன்றையும் இறக்கி ஏற்ற வேண்டியதில்லை. பயணியர் படகிலிருந்து எழ வேண்டியதும் இல்லை.

இம்முறை தனபேயின் கண்டுபிடிப்பன்று. இங்கிலாந்தின் கெட்லியில் 1788லேயே சாய்தளம் இயங்கியது. அமெரிக்காவின் மோரிஸ் கால்வாயில் 23 சாய்தளங்கள் இருந்தன. அவரது தனித்தன்மை வடத்தை இழுக்கும் ஆற்றலைப் பற்றிய முடிவில் வெளிப்பட்டது. தொடக்கத் திட்டப்படி, மேட்டிலிருந்து விழும் நீரால் பல நீர்ச்சக்கரங்களைச் சுழற்றி ஆலைகளையும் சாய்தளத்தையும் இயக்குவதாக இருந்தது. அதற்கான முன்மாதிரிகளைக் காண 1888இல் தனபேயும் தொழில்முனைவர் தகாகி பும்பேயும் அமெரிக்கா சென்றனர். கொலராடோ மலைகளிலுள்ள ஆஸ்பென் என்னும் வெள்ளிச்சுரங்க ஊரில், விழும் நீரால் மின்சாரம் உண்டாக்குவதைக் கண்டனர். நீர்ச்சக்கரத்தின் ஆற்றல் சக்கரம் நிற்கும் இடத்தருகேதான் பயன்படும். ஆலைகள் அனைத்தும் மலையடிவாரத்திலேயே நெருங்கியாக வேண்டும். மின்னாற்றலோ கம்பிவழியே நகரின் எப்பகுதிக்கும் செல்லும்.

பாதி முடிந்த பணியில், மக்களின் வரிப்பணம் செலவாகிக்கொண்டிருக்கும்போது, தாம் வகுத்த திட்டத்தைத் தாமே மாற்றச் சொல்வது எளிதன்று. 1889இல் நாடு திரும்பிய தனபே அதைச் சொன்னார், கியோட்டோவும் ஏற்றது. 1890 ஏப்ரலில் பேரரசர் முன்னிலையில் கால்வாய் திறக்கப்பட்டது. 1891இல் கெயாகே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்க, படகுகள் மின்சாரத்தால் மேடேறின. பொதுப் பயன்பாட்டுக்கென மின்சாரம் வழங்கிய ஜப்பானின் முதல் நீர்மின் நிலையம் இதுவே. அம்மின்சாரம் தறிகளுக்கும் விளக்குகளுக்கும் சென்றது. 1895இல் நாட்டின் முதல் மின்சார டிராம் வண்டியும் கியோட்டோ தெருக்களில் ஓடியது.

கால்வாய் திறந்த ஆண்டிலேயே தனபே டோக்கியோவில் பேராசிரியரானார். கிதகாகியின் மகளை மணந்தார். கால்வாய் குறித்து அவர் எழுதிய கட்டுரைக்காக லண்டன் கட்டடப் பொறியாளர் நிறுவனம் 1894இல் டெல்ஃபோர்ட் பெயரிலான சிறப்பை அளித்தது. பின்னர் ஹொக்கைடோ தீவில் இருப்புப்பாதைகள் அமைக்கச் சென்றார். 1900இல் கியோட்டோ பல்கலைக்கழகத்திற்குத் திரும்பினார்.

திரும்பியவர் ஒரு கடனை நினைவில் வைத்திருந்தார். 1902இல் கெயாகே சாய்தளத்துக்கு அருகே, பணியில் இறந்த பதினேழு பேருக்கும் தம் சொந்தச் செலவில் கல் நாட்டினார்.

தனபே 1944இல் தம் 82ஆம் வயதில் மறைந்தார். தொடர்வண்டியும் சரக்குந்தும் சரக்கை எடுத்துக்கொண்டமையால் 1948இல் சாய்தளம் நின்றது. சரிவில் இன்றும் தண்டவாளங்களைக் காணலாம். இருபுறமும் செர்ரி மரங்கள் பூக்கின்றன. கியோட்டோ மக்கள் குடிக்கும் நீர் இன்றும் பிவா ஏரியிலிருந்து மலையைக் கடந்தே வருகிறது.