துன்பத்தில் துணைநின்ற இறைவார்த்தை: புனித தேவசகாயம்



துன்பம் வரும்போது நாம் யாரைத் தேடிப் போகிறோம்? சிலர் உறவினரிடம் போகிறோம். சிலர் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறோம். வேறு சிலர் ஒவ்வொரு செபக்கூட்டமாக ஏறி இறங்கி, எங்கே உடனே பலன் கிடைக்கும் என்று பார்க்கிறோம். வீட்டு அலமாரியில் இருக்கும் விவிலியம் பல வேளைகளில் கடைசியாகத்தான் நம் நினைவுக்கு வருகிறது.

ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன், நம் தமிழ் மண்ணின் தென்கோடியில் ஒரு மனிதர் தம் துயரத்தின் நடுவே ஓர் இறைவார்த்தையைக் கேட்டார். அது அவர் வாழ்வையே மாற்றியது. அவர்தான் புனித தேவசகாயம். அவருடைய வீரமரணத்தைப் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த வீரம் எங்கிருந்து வந்தது என்பதை இன்று சற்று நின்று சிந்திப்போம்.

அரண்மனைப் பணியாளர் நீலகண்டன்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். வசதியான குடும்பம். நல்ல கல்வி கிடைத்தது. திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மரின் ஆட்சியில், பத்மநாபபுரத்தில் அவர் பொறுப்பான பணியில் அமர்ந்தார். பார்கவி என்னும் பெண்ணை மணந்தார். பதவி, மரியாதை, செல்வம் எல்லாம் இருந்தன.

1741ஆம் ஆண்டு குளச்சலில் நடந்த போரில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் படை வென்றது. சிறைபிடிக்கப்பட்டவர்களுள் ஒருவர் தளபதி டிலனாய். அவருடைய திறமையைக் கண்ட அரசர், அவரையே தம் படைக்குப் பயிற்சி தரவும் உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தவும் அமர்த்திக்கொண்டார். டிலனாய் கத்தோலிக்கர். அரசுப் பணி நீலகண்டனை அவரிடம் கொண்டு சேர்த்தது. இருவரும் நண்பர்களானார்கள்.

யோபுவின் கதை

அந்த நாட்களில் நீலகண்டனின் குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்தன. கால்நடைகள் மடிந்தன. செல்வம் கரைந்தது. அவருடைய முகவாட்டத்தைக் கவனித்த டிலனாய் காரணம் கேட்டார். நண்பர் மனந்திறந்து சொன்னதும் அவருக்கு விவிலியத்திலிருந்து யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார்.

யோபு நேர்மையானவர். ஏழாயிரம் ஆடுகள், மூவாயிரம் ஒட்டகங்கள், மாடுகள், கழுதைகள், ஏழு புதல்வர், மூன்று புதல்வியர் என்று நிறைவாக வாழ்ந்தவர். ஒரே நாளில் அனைத்தையும் இழந்தார். பிறகு உடல் முழுவதும் புண்கள். சாம்பலில் உட்கார்ந்தார். அவரைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களும் முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் தந்த ஆறுதல் அதுதான். வாய் திறந்த பிறகோ, அவர் ஏதோ பாவம் செய்ததால்தான் இந்தத் தண்டனை என்று வாதாடி, புண்பட்டவரை மேலும் புண்படுத்தினார்கள்.

யோபு அந்த வாதத்தை ஏற்கவில்லை. கடவுளை விட்டு ஓடவும் இல்லை. தம் வேதனையை, கேள்வியை, கோபத்தைக்கூடக் கடவுளிடமே கொட்டினார். இறுதியில் ஆண்டவர் சூறாவளியினின்று அவரோடு பேசினார். துன்பத்தின் காரணத்தை ஆண்டவர் விளக்கவில்லை. ஆனால் தாமே வந்தார். அதுவரை காதால் மட்டும் கேட்டறிந்த கடவுளை இப்போது நேரில் கண்டதாக யோபு உணர்ந்து, அமைதியடைந்தார்.

இதைக் கேட்ட நீலகண்டனின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்திருக்கும்! தம் துன்பம் ஒரு சாபம் அல்ல என்பதும், துன்புறுகிறவனைக் கடவுள் கைவிடுவதில்லை என்பதும் அவருக்குப் புரிந்தன. அந்தக் கடவுளை மேலும் அறிய விரும்பினார். டிலனாயிடம் தொடர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 1745ஆம் ஆண்டு மே மாதம், வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 33. லாசர் என்ற விவிலியப் பெயரின் பொருளைத் தமிழில் தாங்கி, தேவசகாயம் ஆனார். கடவுளே துணை என்பது அப்பெயரின் பொருள். அவருடைய மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

ஆறுதலுக்குப் பின் வந்த சிலுவை

கதை இத்துடன் முடிந்திருந்தால், துன்பம் வந்தது, செபித்தார், நன்றாக வாழ்ந்தார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் தேவசகாயத்தின் பெருந்துன்பங்கள் அதற்குப் பிறகுதான் தொடங்கின.

அவர் தம் நம்பிக்கையை மறைத்து வைக்கவில்லை. சாதி வேறுபாடு மிகக் கடுமையாக இருந்த அக்காலத்தில், எல்லா மனிதரும் சமம் என்று எடுத்துச் சொன்னார். தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகினார். இது பலருடைய வெறுப்பைக் கிளப்பியது. பொய்க் குற்றங்கள் சாட்டப்பட்டன. 1749ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் கைதானார். பதவி போனது. எருமையின் மேல் பின்னோக்கி உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை அணிவித்து, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். அடித்தார்கள், காயங்களில் மிளகாய்ப்பொடி பூசினார்கள் என்று வரலாற்று மரபு கூறுகிறது. நம்பிக்கையைக் கைவிட்டால் விடுதலை என்ற வாய்ப்பும் இருந்தது. அவர் அதை ஏற்கவில்லை.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தன. அந்த நாட்களில் அவருக்கு மிஞ்சியிருந்தது செபம் ஒன்றுதான். இன்று புலியூர்க்குறிச்சியில் நாம் காணும் முட்டிடிச்சான் பாறை அந்தச் செபத்தை நினைவூட்டுகிறது. தாகத்தால் வாடிய தேவசகாயம் செபித்துத் தம் முழங்கையால் பாறையில் இடிக்க, நீர் சுரந்தது என்பது மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் நம்பிக்கை. காவலில் இருந்தபோதும் அவரைத் தேடி மக்கள் வந்தார்கள். ஆறுதல் தேவைப்பட்ட கைதியே, வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. அவருடைய எலும்புகள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். குருவோ துறவியோ அல்லாத, மணவாழ்வு வாழ்ந்த ஒரு பொதுநிலையினர் இந்தியாவிலிருந்து புனிதரானது அதுவே முதல் முறை.

நமக்கு அவர் தரும் பாடங்கள்

1. இறைவார்த்தை தரும் ஆறுதல், இழந்ததைத் திரும்பப் பெறுவதில் இல்லை.

யோபு இழந்த செல்வத்தை இருமடங்காகத் திரும்பப் பெற்றார் என்று அந்நூல் முடிகிறது. தேவசகாயத்துக்கோ இவ்வுலகில் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. இருந்ததும் போனது. அப்படியானால் யோபுவின் கதை அவரை ஏமாற்றிவிட்டதா? இல்லை. யோபு பெற்ற பெரிய பேறு இருமடங்கு ஆடுமாடுகள் அல்ல, கடவுளைக் கண்ட அனுபவமே என்பதை அவர் புரிந்துகொண்டார். நாம் செபிக்கும்போது கடவுள் தரும் பொருளைத் தேடுகிறோமா, கடவுளையே தேடுகிறோமா? கேட்டது கிடைக்காத நாளில்தான் இதற்கு உண்மையான விடை தெரியும்.

2. இறைவார்த்தை பிறர் வழியாகவும் நம்மிடம் வருகிறது.

விவிலியம் இன்றுபோல் வீட்டுக்கு வீடு இருந்த காலம் அல்ல அது. தேவசகாயத்தின் மனதைத் தொட்ட முதல் வார்த்தை ஒரு நண்பரின் வாயிலிருந்து அவர் செவிக்கு வந்தது. அந்த நண்பரும் போரில் தோற்று, தாய்நாட்டைப் பிரிந்து வாழ்ந்தவர். இழப்பு என்றால் என்ன என்று அறிந்தவர். யோபுவின் நண்பர்களைப்போல் அவர் குற்றம் கண்டுபிடிக்கவில்லை. முகவாட்டத்தைப் பார்த்தார், கேட்டார், பிறகுதான் பேசினார். நம் அன்பியக் கூட்டங்களிலும், நோயாளியைப் பார்க்கப் போகும் வேளைகளிலும் நாம் யோபுவின் நண்பர்களா, டிலனாயா?

3. வார்த்தையும் வாழ்வும் பிரிக்க முடியாதபடி இணைய வேண்டும்.

இங்கே ஏனாத்தூரிலும் காஞ்சிபுரத்திலும் வாழும் நமக்குக் கோர்வை நெசவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, ஒவ்வொரு இழையிலும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டே போக வேண்டும். நெய்பவர் ஒருவரால் மட்டும் அது ஆகாது. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க ஒரு துணை வேண்டும். அப்படி நெய்த சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். தேவசகாயத்தின் வாழ்வும் அப்படியே. கேட்ட வார்த்தையை அன்றாட வாழ்வின் ஒவ்வொரு இழையிலும் கோர்த்தார். அருகில் அமர்ந்து துணைசெய்தவர் ஆண்டவர். அதனால்தான் உடலைக் கிழித்தவர்களால் அவரைக் கடவுளிடமிருந்து பிரிக்க முடியவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

கூலி குறைந்து, கடன் ஏறி, பிள்ளைகளின் படிப்புக்கு வழி தேடும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. நோயோடும் தனிமையோடும் போராடுகிறவர்கள் உள்ளனர். அவர்களுக்கு எளிய விடை எதுவும் நம்மிடம் இல்லை. தேவசகாயம் நடந்த வழி மட்டும் இருக்கிறது. இந்த வாரம் நாள்தோறும் கால்மணி நேரம் ஒதுக்குவோம். யோபு நூலின் முதல் இரண்டு அதிகாரங்களையும், ஆண்டவர் பேசும் 38 முதல் 42 வரையுள்ள அதிகாரங்களையும் மெதுவாக வாசிப்போம். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். வாசித்தபின் சிறிது நேரம் அமைதியாக இருப்போம். மனதில் கோபம் இருந்தால் கோபத்தோடும், அழுகை வந்தால் அழுகையோடும் ஆண்டவரிடம் பேசுவோம். அழகான சொற்கள் தேவையில்லை. யோபுவுக்கும் அவை தேவைப்படவில்லை.

ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் புனித தேவசகாயத்தின் திருவிழா வருகிறது. புதுப்பானையில் பால் பொங்கும் அந்த வேளையில், காற்றாடிமலையில் சிந்தப்பட்ட இரத்தத்தையும் நன்றியோடு நினைப்போம்.

செபிப்போம்

ஆண்டவரே, யோபுவின் வரலாற்றால் உம் ஊழியர் தேவசகாயத்தைத் தேற்றினீரே. எங்கள் துன்பங்களிலும் உம் வார்த்தையை எங்களுக்குத் துணையாகத் தாரும். நாங்கள் கேட்டது கிடைக்காதபோதும் உம்மை விட்டு விலகாத மனதைத் தாரும். துன்புறும் எங்கள் அயலாரைத் தீர்ப்பிடாமல் தேற்ற எங்களுக்குக் கற்றுத்தாரும். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.