எச்.ஜி. வெல்ஸ்: வாழ்வின் வழியே அறிவியல் புதின வாசிப்பு

செவ்வியல் அறிவியல் புதினங்களை அணுகுவோர் பெரும்பாலும் அவற்றில் எந்தக் கற்பனை பின்னாளில் பலித்தது என்பதையே தேடுகின்றனர். இவ்வாசிப்பு முழுமையுடையதன்று என்பதற்கு எச்.ஜி. வெல்ஸின் வாழ்க்கையே தக்க சான்றாகும்.

வெல்ஸ் 1866 செப்டம்பர் 21 அன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள பிராம்லியில் பிறந்தார். தந்தை ஜோசப், வருவாய் குன்றிய ஒரு பீங்கான் கடையை நடத்தியவர், கிரிக்கெட் ஆட்டக்காரர். தாய் சாரா, செல்வர் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர். 1874இல் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது சிறுவனுக்கு நூல்களே துணையாயின. வாசிப்புப் பழக்கம் அங்கே வேரூன்றியது.

1880இல் சாரா, சசெக்ஸிலுள்ள அப்பார்க் மாளிகையின் பணியாளர் தலைவியானார். அங்குப் பணியாளர் கூடங்களையும் மாளிகையையும் நிலத்தடிச் சுரங்கவழிகள் இணைத்திருந்தன. மேலே உரிமையாளரின் வாழ்வும் கீழே ஏவலரின் உழைப்பும் நிகழ்ந்தன. தாயைக் காணச் சென்ற வெல்ஸ், அம்மாளிகையின் நூலகத்தில் பிளேட்டோவையும் சுவிஃப்டையும் பயின்றார். அதே காலத்தில் துணிக்கடைகளில் பயிற்சிப் பணியாளராக நீண்ட நேரம் உழைத்து, அவ்வாழ்வை வெறுத்தார்.

1884இல் உதவித்தொகை பெற்று லண்டன் தென் கென்சிங்டனிலிருந்த அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். டார்வின் கொள்கைக்காக வாதிட்ட தாமஸ் ஹக்ஸ்லியிடம் அங்கு உயிரியல் கற்றார். படிவளர்ச்சி என்பது முன்னேற்றத்திற்கு உறுதி தருவதன்று, சீரழிவும் அதனுள் அடங்கும் என்னும் தெளிவு அவரது சிந்தனையில் நிலைத்தது. 1890இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

இவ்விரு அனுபவங்களும் 1895இல் வெளிவந்த ‘கால இயந்திரம்’ புதினத்தில் ஒன்றிணைகின்றன. கி.பி. 802701ஆம் ஆண்டில் மனித இனம் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. மேற்பரப்பில் ஓய்வில் மெலிந்த இலாய்கள் வாழ, நிலத்தடியில் இயந்திரங்களுடன் மார்லாக்குகள் வாழ்கின்றனர். அப்பார்க்கின் சுரங்கவழிகளை அறிந்த வாசகர்க்கு இது தொலைவெதிர்காலம் மட்டுமன்று. விக்டோரிய சமூகத்தின் வர்க்கப் பிளவே படிவளர்ச்சியின் மொழியில் நீட்டி எழுதப்பட்டிருக்கிறது. 1898இல் வெளியான ‘உலகங்களின் போர்’ தொடக்கத்திலேயே தாஸ்மானியப் பழங்குடியினருக்கு ஐரோப்பியர் இழைத்த அழிவை நினைவூட்டுகிறது. செவ்வாய்வாசிகளின் படையெடுப்பு, குடியேற்ற ஆதிக்கத்தின் கண்ணாடியாகிறது.

முன்கணிப்பு வாசிப்புக்கும் வெல்ஸிடம் இடமுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1914இல் வெளியான ‘விடுதலை பெற்ற உலகம்’ அணுகுண்டுகளைக் கற்பனை செய்தது. 1932இல் அதனை வாசித்த இயற்பியலாளர் லியோ சிலார்டு, அடுத்த ஆண்டில் அணுக்கருத் தொடர்வினை பற்றிய எண்ணத்தை அடைந்தார். எனினும், அப்புதினத்தின் அக்கறை குண்டோடு முடிவதன்று. பேரழிவுக்குப் பின்னரேனும் மனிதர் உலக அரசொன்றின்கீழ் ஒன்றுபடுவரா என்பதே அதன் வினா.

1945இல் ஹிரோஷிமாவின் அழிவைக் கேட்டறியும்வரை வெல்ஸ் வாழ்ந்தார். 1946 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் மறைந்தார். அவர் கற்பனை செய்த ஆயுதம் வந்தது; வேண்டிய உலக ஒற்றுமை வரவில்லை. பலித்தவற்றை மட்டும் கணக்கிடும் வாசகர் முன்னதைக் காண்பர், பின்னதைத் தவறவிடுவர். அறிவியல் புதினத்தின் கருவியை மட்டுமன்றி, அதனை எழுதத் தூண்டிய சமூகக் காயத்தையும் சேர்த்து வாசிப்பதே அப்படைப்புக்கு நாம் செய்யும் நீதியாகும்.