இரு விருப்பங்களைக் கண்ட அறிஞர் கிரீந்திரசேகர் போஸ்

வேதியியல் மாணவனுக்கு உளவியலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். வங்காளத்தின் பெங்கால் கெமிக்கல்ஸ் தொழிற்சாலையைப் பற்றி வகுப்பில் கட்டுரை படிக்கும்படி எங்கள் விரிவுரையாளர் பணித்தார். ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய் நிறுவிய அத்தொழிற்சாலையை நெடுங்காலம் நிருவகித்த வேதியியலார் ராஜசேகர் போஸ். பரசுராம் என்னும் புனைபெயரில் வங்காளிகளை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்த எழுத்தாளரும் அவரே. அண்ணனைத் தேடி நூலகத்துக்குப் போன நான் தம்பியைக் கண்டு திரும்பினேன். அந்தத் தம்பிதான் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ்.

1887 சனவரி 30-இல் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர் தர்பங்கா மகாராஜாவிடம் திவானாக இருந்தவர். சிறுவயதிலேயே கிரீந்திரருக்கு மாயவித்தையிலும் மனோவசியத்திலும் பெரும் ஈடுபாடு. நம் வீடுகளில் பிள்ளை இப்படித் திரிந்தால் முதுகில் நாலு வைப்பார்கள். அவரோ 1910-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, அந்த மனோவசியத்தையே நோயாளிகளுக்கு உதவும் வழியாக்கிக் கொண்டார்.

அந்நாளில் உளவியல் உலகம் பாகப்பிரிவினை நடந்த கூட்டுக்குடும்பம் போலிருந்தது. 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்லெம் வுண்ட் ஆய்வுக்கூடம் அமைத்து, தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிப்பதுபோல, உள்ளத்தையும் உணர்ச்சிக் கூறுகளாகப் பிரிக்க முயன்றார். அமெரிக்காவின் வில்லியம் ஜேம்ஸ், கூறுகளை எண்ணுவதைவிட உள்ளம் வாழ்க்கைக்கு எவ்வாறு பயன்படுகிறது என்று பார்ப்பதே முக்கியம் என்றார். 1912-இல் வெர்தைமர், முழுமை என்பது துண்டுகளின் குவியல் அன்று என்று கூறி முழுமைக் கொள்கைக்கு வித்திட்டார். அடுத்த ஆண்டே வாட்சன், கண்ணுக்குத் தெரியாத உள்ளத்தை விட்டுவிட்டுக் கண்ணால் காணும் நடத்தையை மட்டும் அளப்போம் என்று கதவைச் சாத்தினார். வியன்னாவில் ஃபிராய்டோ, மனிதன் தானே அறியாத நனவிலி என்னும் ஆழ்கிணற்றில் இறங்கிக்கொண்டிருந்தார்.

இத்தனை பிரிவினரும் ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்ற அந்தக் காலத்தில்தான், 1916-இல், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கப்பட்டது. பொறுப்பேற்றவர் நரேந்திரநாத் சென்குப்தா. ஹார்வர்டில் வுண்டின் மாணவரான மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்றவர். ஆகவே லைப்சிக்கின் ஆய்வுக்கூட மரபே கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தது. மருத்துவத் தொழில் நடத்திக்கொண்டிருந்த போஸ், அங்கே மீண்டும் மாணவராகச் சேர்ந்து 1917-இல் முதுகலைப் பட்டம் பெற்று, அங்கேயே விரிவுரையாளரும் ஆனார். கருவிகளைக் கொண்டு உள்ளத்தை அளக்கக் கற்றவர், நோயாளியின் சொல்லுக்குச் செவிகொடுக்கும் உளப்பகுப்பாய்வைத் தம் வழியாகத் தேர்ந்தார். 1921-இல் மன அடக்கம் பற்றிய ஆய்வுக்காக அறிவியல் டாக்டர் பட்டம் பெற்றார். உளவியலில் இந்தியப் பல்கலைக்கழகம் வழங்கிய முதல் டாக்டர் பட்டம் அதுவே.

அந்த ஆய்வு நூலை அவர் ஃபிராய்டுக்கு அனுப்பினார். அவ்வளவு தொலைவிலுள்ள நாட்டில் தம் கருத்துகள் வேரூன்றியதில் ஃபிராய்டுக்கு வியப்பும் மகிழ்ச்சியும். கடிதப் போக்குவரத்து பல ஆண்டுகள் தொடர்ந்தது. 1922-இல் பார்சிபாகன் சந்து 14-ஆம் எண் இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் உதித்தது. அவ்வாண்டே அனைத்துலகக் கழகத்தோடு இணைந்தது. ஒரு வேடிக்கை: ஃபிராய்டின் புகைப்படத்தைக்கூடக் காணாத ஓவியர் ஒருவரைக் கொண்டு கற்பனையில் அவர் உருவத்தை வரையச்செய்து வியன்னாவுக்கு அனுப்பினார் போஸ். படத்தில் தாம் அசல் ஆங்கிலேயராகத் தோன்றுவதாக ஃபிராய்டு தம் தோழி ஒருவருக்கு எழுதினாராம்.

இனி அவருடைய கொள்கைக்கு வருகிறேன். இந்த இடத்தில்தான் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு விருப்பமும் தனியே பிறப்பதில்லை, அதற்கு எதிரான விருப்பமும் உடன்பிறக்கிறது என்றார் போஸ். அடிக்க விரும்புகிறவனுக்குள் அடிபடும் விருப்பமும் உண்டு. ஒன்று மேலே வந்தால் மற்றொன்று அடியில் பதுங்கும், பதுங்கியதே நோயாகும். இரண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே மருத்துவம்.

என் ஊர் வல்லம் வடகால். தாத்தா நாற்று நட்ட ஊரில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த சித்தப்பா மகன் கம்பெனிக்குப் போய் மாதந்தோறும் சம்பளம் கொண்டுவந்து கொடுக்கிறான். முதலாண்டில் நான் கொண்டுவந்ததோ இரண்டு அரியர். வெட்கம் தாளாமல் கோடை விடுமுறையில் ஒரு கம்பெனியின் எழுத்துத் தேர்வுக்குப் போய்த் தேறினேன். சேர வேண்டிய நாளன்று விடியற்காலை ஐந்து மணிக்கு நிறுத்தத்தில் நின்றேன். கம்பெனி பஸ் வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பா சோம்பேறி என்றார். நானும் அதை நம்பிவிட்டேன்.

போஸின் கொள்கையைப் படித்த இரவில்தான் அந்த விடியற்காலை விளங்கியது. வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்ற விருப்பம் மேலே இருந்தது. இன்னும் சில காலம் பிள்ளையாகவே இருந்து, பெற்றோரிடம் பெற்றுக்கொண்டு படிக்க வேண்டும் என்ற விருப்பம் அடியில் இருந்தது. அப்பாவிடம் இரண்டையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அரியர் தேர்வுக்கான பணம் அம்மாவின் கையில் இருந்தது. போஸ் கூறியது இதனினும் நுட்பமானது, என் கதை அதற்கு முழுதும் பொருந்தாது என்று உளவியல் கற்றோர் திருத்தினால் பணிவோடு ஏற்பேன்.

ஃபிராய்டும் போஸைத் திருத்த முயன்றவரே. எதிர்விருப்பக் கொள்கை கவனத்துக்குரியது என்று ஒப்பினார். ஆனால் தம் கொள்கைக் கட்டிடத்தின் அடித்தளமாக அதை வைக்க இசையவில்லை. போஸும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐரோப்பிய நோயாளிகளிடம் ஃபிராய்டு கண்ட சில அச்சங்கள் தம் இந்திய நோயாளிகளிடம் அவ்வளவு வலுவாக இல்லை என்று 1929-இல் வெளிப்படையாகவே எழுதினார். அடிமை நாட்டு ஆசிரியர் ஒருவர், உலகமே திரும்பிப் பார்த்த அறிஞரிடம், என் நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன் என்ற துணிவோடு வாதிட்டார். வகுப்பில் ஐயம் கேட்கவே நா எழாத எனக்கு இது பெரிய செய்தி. அதற்காக அவர் உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை. 1931-இல் ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குத் தந்தத்தாலான விஷ்ணு சிலையொன்று கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது.

வாதத்தோடு நில்லாமல் பணியும் செய்தார். சென்குப்தா லக்னோ சென்றபின் துறைத் தலைமை அவரிடம் வந்தது. 1933-இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் (இன்றைய ஆர்.ஜி.கர்) மனநோய்க்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். மனநோயாளியைப் பூட்டிவைப்பதே வழக்கமாயிருந்த நாளில், காய்ச்சலுக்கு மருந்து வாங்க வருபவர்போல அவரும் நடந்து வந்து மருத்துவரைக் கண்டு வீடு திரும்பலாம் என்றாயிற்று. 1940-இல் அண்ணன் ராஜசேகர் அளித்த இடத்தில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை எழுந்தது. 1953 சூன் 3-இல் மறைந்தார்.

ஃபிராய்டும் போஸும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. விஷ்ணு சிலையைத் தம் மேசைமீதே வைத்துக்கொண்டார் ஃபிராய்டு. 1938-இல் நாஜிகளுக்குத் தப்பி வியன்னாவை விட்டு லண்டன் சென்றபோது, அவருடைய மற்றச் சிலைகளோடு அதுவும் கடல் கடந்தது. அவர் கடைசியாக வாழ்ந்த அந்த வீடு இன்று அருங்காட்சியகம்.