வெறுங்காலில் விளைந்த வெற்றி

உடலின் வலிமையோடு உள்ளத்தின் உறுதியையும் சோதிப்பது மாரத்தான் ஓட்டம். 42.195 கிலோமீட்டர் தொலைவுடைய இவ்வோட்டத்தில், இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் தங்கப்பதக்கம் வென்ற முதல் வீரர் எத்தியோப்பியாவின் அபெபெ பிகிலா. கால்களால் உலகப்புகழ் எய்திய இவர், அக்கால்கள் செயலிழந்த பின்னர் வாழ்ந்த வாழ்வும் அவ்வெற்றிகளுக்கு இணையாகப் போற்றத்தக்கது.

இளமையும் பயிற்சியும்

அபெபெ 1932ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், எத்தியோப்பிய மலைநாட்டிலுள்ள ஜாத்தோ என்னும் சிற்றூரில் பிறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் மாரத்தான் ஓட்டமும் அதே நாளில்தான் நடைபெற்றது. எத்தியோப்பியர் தம் பெயருக்குப்பின் தந்தையின் பெயரைச் சேர்த்து வழங்குவர்; பிகிலா என்பது இவருடைய தந்தையின் பெயர். இளமையில் ஆடு மேய்த்த அபெபெ, பின்னர்ப் பேரரசர் ஹைலி செலாசியின் மெய்க்காவற்படையில் சேர்ந்தார். அங்கே சுவீடனைச் சேர்ந்த பயிற்சியாளர் ஒன்னி நிஸ்கானென் இவரது ஆற்றலைக் கண்டறிந்து முறையாகப் பயிற்றுவித்தார். காற்றில் உயிர்வளி குறைந்த உயர்நிலத்தில் மேற்கொண்ட பயிற்சி இவருடைய மூச்சாற்றலைப் பெருக்கியது.

உரோம் நகரில் ஓர் இரவு

1960ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் மாலையில் உரோம் ஒலிம்பிக்கின் மாரத்தான் ஓட்டம் தொடங்கியது. போட்டிக்கெனப் பெற்ற காலணி பாதங்களுக்குப் பொருந்தாமையால், அபெபெ தமக்குப் பழகிய முறையில் வெறுங்காலுடன் ஓடினார். புகழறியாத அவ்வீரரைத் தொடக்கத்தில் எவரும் பொருட்படுத்தவில்லை. இருள் சூழ்ந்ததும் படைவீரர்கள் ஏந்திய தீப்பந்தங்களின் ஒளியில் ஓட்டம் தொடர்ந்தது. மொராக்கோ நாட்டு ராதி மட்டுமே இறுதிவரை இவருக்கு ஈடுகொடுத்தார்.

அவ்வழியில் அக்சும் கல்தூண் நின்றது. 1936இல் எத்தியோப்பியாவைக் கைப்பற்றிய இத்தாலியப் படையினர், மறு ஆண்டில் அந்நாட்டிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த தொன்மைச் சின்னம் அது. அத்தூணின் அருகே வேகத்தைக் கூட்டிய அபெபெ, கான்ஸ்டன்டைன் வளைவிலிருந்த எல்லையை 2 மணி 15 நிமிடம் 16.2 நொடியில் எட்டினார். அன்றைய உலகச் சாதனை அது. எத்தியோப்பியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கமும் அதுவே. தன் நாட்டை அடிமைப்படுத்தியவர்களின் தலைநகரில் ஒரு படைவீரர் ஆயுதமின்றிப் பெற்ற வெற்றியாக ஆப்பிரிக்க மக்கள் அதனைக் கொண்டாடினர்.

டோக்கியோவில் மீண்டும்

1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்களே இருந்தபோது, இவருக்குக் குடல்வால் அறுவை மருத்துவம் நிகழ்ந்தது. உடல் தேறுவதே அரிதெனப் பிறர் எண்ணியிருக்க, இவரோ விரைவில் பயிற்சியைத் தொடங்கினார். இம்முறை காலணி அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11.2 நொடியில் வென்று புதிய உலகச் சாதனை படைத்தார். இரண்டாமவர் எல்லையை அடைய மேலும் நான்கு நிமிடங்களுக்கு மேலாயின. ஓட்டம் முடிந்ததும் களைத்துச் சாயாமல், திடலின் புல்வெளியில் உடற்பயிற்சி செய்த இவரைக் கண்டு மக்கள் வியந்தனர். 1968இல் மெக்சிகோவில் கால்வலியால் இடையிலேயே விலக நேர்ந்தது. எனினும், உடன் ஓடிய தம் நாட்டவர் மாமோ வோல்டே அங்கே தங்கம் வென்றார்.

தளராத உள்ளம்

1969ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அபெபெ ஓட்டிச்சென்ற மகிழுந்து விபத்துக்குள்ளாயிற்று. தண்டுவடம் பாதிக்கப்பட்டு இவருடைய கால்கள் செயலிழந்தன. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பல மாதங்கள் மருத்துவம் பெற்றும் மீண்டும் நடக்க இயலவில்லை. ஆயினும், இவர் விளையாட்டைக் கைவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தை பழகினார். மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிகளில் கலந்துகொண்டார். நார்வேயில் பனிமீது செல்லும் சறுக்கு வண்டிப் போட்டியில் வெற்றியும் பெற்றார்.

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற்குச் சிறப்பு விருந்தினராகச் சக்கர நாற்காலியில் வந்த இவரை, அரங்கிலிருந்தோர் எழுந்து நின்று வரவேற்றனர். அங்கு மாரத்தானில் வென்ற அமெரிக்கர் பிராங்க் ஷார்ட்டர், பதக்கம் பெற்றபின் இவரை நாடிச்சென்று கைகுலுக்கினார். 1973ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், தம் 41ஆம் அகவையில் அபெபெ மறைந்தார். இவரைப் பின்பற்றி எத்தியோப்பியாவிலிருந்து நெடுந்தொலைவு ஓட்ட வீரர்கள் பலர் உருவாயினர். 2005ஆம் ஆண்டில் அக்சும் தூணும் தாயகம் திரும்பியது. ஓடும் கால்கள் ஓய்ந்தாலும் முயலும் உள்ளம் ஓய்வதில்லை என்பதற்கு அபெபெயின் வாழ்வே சான்றாகும்.