அன்னை உம்மு ஸலமா (ரலி): நான்கு பிள்ளைகளோடு ஒரு மறுமணம்

பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு மறுமணம் பேசும்போது நம் வீடுகளில் மஹர், தேதி, விருந்து எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பிள்ளைகளின் சாப்பாடு, துணிமணி, ஸ்கூல் ஃபீஸ் யார் பொறுப்பு என்பதை மட்டும் பேசமாட்டார்கள். பேசினால் சம்பந்தம் தட்டிப்போகுமோ என்ற பயம். நிக்காஹ் முடிந்து ஆறாவது மாதம் அதே கேள்வி சண்டையாகி ஜமாஅத்துக்கு வரும்.

அந்தக் கேள்வியை நிக்காஹ்வுக்கு முன்பே, அதுவும் அல்லாஹ்வின் தூதரிடமே, தயங்காமல் எடுத்து வைத்த ஒரு பெண்மணி உண்டு. அன்னை உம்மு ஸலமா (ரலி). இயற்பெயர் ஹிந்த். குறைஷிகளில் மக்ஸூம் கோத்திரம். தந்தை அபூ உமைய்யா, தம்மோடு பயணம் வருபவர்கள் யாரும் கட்டுச்சாதம் எடுத்துவரத் தேவையில்லை என்னும் அளவுக்குக் கொடையாளி. ஆகவே வழிப்போக்கரின் உணவு என்றே அரபியில் அவருக்குப் பட்டப்பெயர். செலவைக் கணக்குப் பார்க்காத வீட்டில் பிறந்தவர் அன்னையார்.

முதல் கணவர் அபூ ஸலமா (ரலி), நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அத்தை பர்ராவின் மகன். ஸுவைபாவிடம் பால் குடித்த வகையில் அண்ணலாருக்குப் பால்குடிச் சகோதரரும்கூட. கணவனும் மனைவியும் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் போய்த் திரும்பினார்கள். பிறகு மதீனாவுக்குப் புறப்பட்டபோதுதான் அந்தக் கொடுமை நடந்தது. ஒட்டகத்தில் மனைவியையும் மகன் ஸலமாவையும் ஏற்றிக்கொண்டு அபூ ஸலமா கிளம்ப, பெண் வீட்டார் வந்து எங்கள் பெண்ணை ஊர் ஊராக இழுத்துப்போக விடமாட்டோம் என்று பிடித்துக்கொண்டார்கள். அதைக் கண்ட மாப்பிள்ளை வீட்டார், அப்படியானால் பிள்ளை எங்களுடையது என்று வந்து நின்றார்கள். இரண்டு பக்கமும் இழுத்ததில் குழந்தையின் கை மூட்டு பிசகிவிட்டது. கணவர் மதீனாவில், பிள்ளை ஒரு கோத்திரத்தாரிடம், தாய் இன்னொரு கோத்திரத்தாரிடம். ஏறக்குறைய ஓராண்டு காலம் தினமும் காலையில் போய் அப்தஹ் வெளியில் உட்கார்ந்து மாலை வரை அழுதுவிட்டு வருவார் அந்தத் தாய். கடைசியில் உறவினர் ஒருவர் இரங்கிப் பேச, பிள்ளையைத் திரும்பப் பெற்று, தனியாகவே ஒட்டகத்தில் கிளம்பினார். தன்ஈமில் எதிர்ப்பட்ட உஸ்மான் இப்னு தல்ஹா, அப்போது இஸ்லாத்தை ஏற்றிராதவர், குபா வரை கண்ணியமாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தம் பிள்ளையைத் தந்தை வழியாரும் தாய் வழியாரும் பொருளைப் போலப் பிடித்து இழுப்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். பின்னாளில் மறுமணப் பேச்சு வந்தபோது பிள்ளைகளை முன்னிறுத்திப் பேசினார் என்றால், அது வெறும் கூச்சத்தில் சொன்ன சாக்கு அல்ல.

ஹிஜ்ரி 3இல் உஹதுப் போரில் அபூ ஸலமா காயமடைந்தார். ஆறிவிட்டதாக நினைத்த காயம், அடுத்த ஆண்டு கத்தன் பகுதிக்குப் படை நடத்திச் சென்று திரும்பிய பின் மறுபடி திறந்துகொண்டது. ஹிஜ்ரி 4இல் வஃபாத்தானார். அதற்கு முன் ஒருநாள், இருவரில் ஒருவர் போனால் மற்றவர் மறுமணம் செய்வதில்லை என்று உடன்படிக்கை செய்துகொள்வோமா என அன்னையார் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். தாம் இறந்தால் அவர் மணந்துகொள்ள வேண்டும் என்றும், தம்மைவிடச் சிறந்தவர் அமைய வேண்டும் என்றும் துஆ செய்தார். இறக்கப்போகும் கணவர், தம் பிள்ளைகளின் வீட்டுக்குள் இன்னொரு ஆண் வருவதற்கு வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். விதவை மருமகள் மறுமணம் செய்தால் மகனின் நினைவுக்குத் துரோகம் என்று பேசும் மாமியார்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

ஸலமா, உமர், ஸைனப், துர்ரா என நான்கு பிள்ளைகள். இத்தா முடிந்ததும் பெண் கேட்டவர்களை அவர் ஏற்கவில்லை. பிறகு அண்ணலாரிடமிருந்தே செய்தி வந்தது. வேறு யாராக இருந்தாலும் உடனே சம்மதம் சொல்லியிருப்பார்கள். இவர் மூன்று விஷயங்களைச் சொல்லி அனுப்பினார். தமக்கு ரோஷம் அதிகம், வயதாகிவிட்டது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அண்ணலார் மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் அளித்தார்கள். ரோஷம் நீங்க துஆ செய்வதாகவும், வயது தமக்கும்தான் ஆகிறது என்றும் சொன்னார்கள். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னது, அவரது குடும்பம் தமது குடும்பமே என்பது. நிக்காஹ்வுக்கு முன்பு, கேட்ட கேள்விக்கு நேராக வந்த பதில் அது. அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கணக்கிலிருந்து நழுவும் நம் ஊர் மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு அல்ல.

ஹிஜ்ரி 4 ஷவ்வாலில் திருமணம். மகனே வலீயாக நின்று மணமுடித்துக் கொடுத்ததாக வரலாற்று நூல்கள் கூறும். மகனுக்கு வலீ தகுதி உண்டா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ இமாம்களிடையே உள்ள கருத்து வேறுபாடு தனி விஷயம். பின்னாளில் அண்ணலார் தம் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை ஸலமாவுக்கு மணமுடித்து வைத்தார்கள். ஸலமா செய்த உதவிக்குத் தாம் ஈடு செய்துவிட்டோமா என்று தோழர்களிடம் கேட்டதாகவும் வருகிறது. மனைவியின் மகனுக்குப் பெண் பார்த்துத் தந்ததைத் தம்முடைய தயவாக அல்ல, பட்ட கடனைத் தீர்ப்பதாகக் கருதியிருக்கிறார்கள்.

அன்னைக்குக் கிடைத்த சீர் ஒரு திருகை, தண்ணீர்ச் சாடிகள், பேரீச்ச நார் திணித்த தோல் தலையணை. காலமாகிவிட்ட அன்னை ஸைனப் பின்த் குஸைமா (ரலி) இருந்த அறையில் குடியேறினார். சாடியைத் திறந்து பார்த்தால் கொஞ்சம் வாற்கோதுமை, பானையில் சிறிது கொழுப்பு. புதுப்பெண் அன்றிரவே மாவு அரைத்துக் கிண்டினார். மணமகன் உட்பட வீட்டாருக்கு அதுதான் சாப்பாடு. பணக்கார வீட்டில் பிறந்தவர், நான்கு பிள்ளைகளோடு வந்து சேர்ந்த இடத்தில் இருப்பைத் திறந்து பார்த்துத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்.

ஸைனப் அப்போது கைக்குழந்தை. அண்ணலார் வரும்போதெல்லாம் குழந்தை தாயின் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும், கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவார்கள். இதைக் கேள்விப்பட்ட அம்மார் இப்னு யாஸிர் (ரலி), அன்னைக்குச் சகோதர முறையானவர், வந்து குழந்தையை வேறிடத்தில் பாலூட்ட எடுத்துப் போனார். அடுத்து அண்ணலார் வந்தபோது முதலில் கண்கள் தேடியது குழந்தையைத்தான். ஸுனாப் எங்கே என்று செல்லப் பெயரிட்டு விசாரித்தார்கள். மகன் உமர் அண்ணலாரின் தட்டிலேயே சாப்பிட்டு வளர்ந்தார். தட்டு முழுக்கக் கை அலைந்தபோது பிஸ்மி சொல்லவும், வலக்கையால் சாப்பிடவும், தம் பக்கத்தில் உள்ளதை எடுக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு மக்தபில் முதலில் சொல்லித்தரும் இந்த ஹதீஸ் ஒரு வளர்ப்பு மகனுக்குக் கிடைத்தது என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்?

ஒன்று மட்டும் மாறவில்லை. அந்த வீட்டிலேயே வளர்ந்தும் அவர்கள் உமர் இப்னு அபீ ஸலமா, ஸைனப் பின்த் அபீ ஸலமா. பெற்ற தந்தையின் பெயர்தான் கடைசி வரை. அன்பைக் கொடுத்தார்கள், உணவைக் கொடுத்தார்கள், இறந்தவரின் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது செலவு விஷயத்துக்கு வருவோம். அன்னையார் ஒருநாள் அண்ணலாரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அபூ ஸலமாவின் பிள்ளைகளுக்குத் தாம் செலவு செய்தால் நன்மை உண்டா? அவர்களை இப்படியும் அப்படியும் அலையவிட தம்மால் முடியாது, தம் பிள்ளைகள் அல்லவா என்றும் சேர்த்துச் சொன்னார். செலவிடுவதற்கெல்லாம் நன்மை உண்டு என்று பதில் வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. இதை அந்தப் பழைய வாக்குறுதியோடு வைத்துப் பாருங்கள். உங்கள் குடும்பம் என் குடும்பம் என்று கணவர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் மனைவி தம் கையிலிருப்பதைப் பிள்ளைகளுக்குச் செலவிடுகிறார். கணவருக்குத் தெரிந்தே, கேட்டே செலவிடுகிறார். நான் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகு நீ ஏன் என்று அவர்கள் கோபிக்கவில்லை. உன் பிள்ளைகள், நீதானே பார்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. இது பத்தாண்டு ஓதியும் எனக்குச் சலிக்காத இடம்.

ஃபிக்ஹ் சட்டம் இந்த இடத்தில் தெளிவு. மனைவியின் உணவு, உடை, இருப்பிடம் கணவன் மீது கடமை, அவள் சம்பாதிப்பவளாக இருந்தாலும் சரி. அவளுடைய சம்பளமும் நகையும் அவளுடையவை. அவள் மனமுவந்து தந்தால்தான் கணவனுக்கு ஆகும். முந்தைய கணவரின் பிள்ளைகளுக்குச் செலவிடுவது புதிய கணவன் மீது சட்டப்படி கடமையல்ல, செய்தால் பெரும் நன்மை. பிள்ளைகளுக்குத் தந்தை உயிரோடிருந்தால், தாய் மறுமணம் செய்தாலும் அவர் கடமை அப்படியே இருக்கிறது; தலாக் கொடுத்தவர்கள் வசதியாக மறந்துவிடுவது இதைத்தான். தந்தை விட்டுச்சென்ற சொத்து இருந்தால் பிள்ளைகளின் செலவு முதலில் அதிலிருந்து. அதைக் குடும்பச் செலவில் கலந்து கரைத்துவிடுவது யதீமின் சொத்தை உண்பதாகும். குர்ஆன் அதை வயிற்றில் நெருப்பை நிரப்புவதற்கு ஒப்பிடுகிறது. வீட்டில் இரண்டு நோட்டு வைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

அந்த வீட்டில் வருமானம் எப்படி இருந்தது? பல நாள் அடுப்பு எரியாத வீடு என்பதும் உண்மை, திட்டமிட்ட வீடு என்பதும் உண்மை. பனூ நளீர் தோட்டங்களின் விளைச்சலிலிருந்து குடும்பத்துக்கு ஓராண்டுக்கான உணவை எடுத்து வைத்தார்கள். கைபருக்குப் பின் மனைவியருக்கு ஆண்டுதோறும் 100 வஸக் ஒதுக்கினார்கள். 80 பேரீச்சம்பழம், 20 வாற்கோதுமை. ஒரு வஸக் என்பது 60 ஸாஉ, நாம் ஃபித்ராவுக்கு அளக்கும் அதே ஸாஉ. தானதர்மத்தில் அது கரைந்துபோனது வேறு கதை. ஒதுக்கீடு இவ்வளவு என்பது வீட்டாருக்குத் தெரிந்திருந்தது.

மனைவியர் கூடுதல் செலவு கேட்டு அண்ணலார் ஒரு மாதம் விலகியிருந்த சம்பவத்தில், உமர் (ரலி) ஒவ்வொருவராகக் கண்டிக்கப் புறப்பட்டார். தாய்வழி உறவு என்ற உரிமையில் உம்மு ஸலமாவிடமும் வந்தார். எல்லாவற்றிலும் தலையிட்டு இப்போது நபிக்கும் அவர் மனைவியருக்கும் இடையிலும் வந்துவிட்டீரா என்று அன்னையார் கேட்க, உமர் வாயடைத்துத் திரும்பினார். வீட்டுச் செலவில் மச்சான் மாமா நுழைவது நமக்கு மட்டும் வந்த சோதனை அல்ல போலும்.

ஹுதைபிய்யாவில் அவர் சொன்ன ஆலோசனை எல்லோரும் அறிந்தது. ஏறத்தாழ 378 ஹதீஸ்கள் அவர் வழியாக வந்தன. கைக்குழந்தையாக அந்த வீட்டுக்கு வந்த ஸைனப், மதீனாவின் பெண்களில் பெரிய சட்ட அறிஞராக விளங்கினார். தட்டில் கை அலைந்த உமர், அலீ (ரலி) அவர்களின் ஆட்சியில் பஹ்ரைனுக்கு ஆளுநரானார். சாப்பிடும்போது அண்ணலார் சொல்லித்தந்த முறையை அதன்பின் ஒருபோதும் விட்டதில்லை என்று அவரே அறிவிக்கிறார்.

நபிகளாரின் மனைவியரில் கடைசியாக வஃபாத்தானவர் அன்னை உம்மு ஸலமாதான். வயது 80ஐக் கடந்திருந்தது. ஜன்னத்துல் பகீஇல் அவரைக் கப்ரில் இறக்கியவர்களில் ஸலமாவும் உமரும் இருந்தார்கள்.